ஆறு கால் டாங்கிக்குள் ஏறும் வழி

என் மைத்துனன் வரைந்த டாங்கிக்கு ஆறு கால்கள் இருந்தன. அதை நான் முதலில் பார்த்தது இரண்டாயிரத்து ஐந்தில், மாசி மாதத்து முதல் ஞாயிறு, காலை பத்தேகால் மணிக்கு. நேரத்தை ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை, டைரியில் இருக்கிறது. பதினேழு வருடம் ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்தவன் நான். அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு லாக் புக் உண்டு. எவ்வளவு ஓடியது, எந்த நட்டு தளர்ந்தது, எண்ணெய் மாற்றியது யார், எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதிவிட வேண்டும். தொண்ணூற்றெட்டில் ஓய்வு பெற்று ஆரணிக்குத் திரும்பியபோது எழுத வண்டி இல்லை, பழக்கம் மட்டும் மிச்சமிருந்தது. அதனால் என் நாட்களை எழுத ஆரம்பித்தேன்.

மைத்துனன் என் மனைவியின் தம்பி. என்னைவிட ஒன்பது வயது இளையவன். எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது அவன் தொழில். முதலில் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் நிரப்பினான், பிறகு அதையே கம்ப்யூட்டரில் செய்தான். அவன் போடும் டிசைனைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அந்த அட்டைகள் தறியின் தலைக்கு மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் சுற்ற, கீழே கரையில் மாங்காயும் அன்னமும் விழும். ஆரணியில் அவன் கை சுத்தம் என்று பெயர். ஒரு கட்டம் பிசகாது.

அந்தக் கை சுத்தத்தைப் பார்த்துத்தான் சென்னையில் ஒரு கம்பெனி அவனைக் கூப்பிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் தயாரிக்கும் வீடியோ கேம் ஒன்றுக்கு வண்டிகள் வரைய வேண்டும். கதை நடப்பது வேறு கிரகத்தில், இருநூறு முன்னூறு வருடம் கழித்து. இரண்டு படைகள், மொத்தம் பன்னிரண்டு வண்டிகள். முதல் வண்டி மாதிரிக்கு. அது தேறினால் மீதி பதினொன்றும் அவனுக்கு. அவன் வாரக் கடைசிகளில் சென்னைக்குப் போய் முப்பரிமாணத்தில் வரையும் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டான். டிசைன் கேட்டு வந்த கடைக்காரர்களிடம், "வேற ஆளப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினான். நான்கு கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்தும்விட்டார்கள். முதல் வண்டி தேறாவிட்டால் அவன் கையில் எந்த வேலையும் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அன்றைக்கு அப்படிப் பேசினேன்.

அவன் திரையில் அந்த வண்டியை மௌஸால் மெதுவாகச் சுழற்றினான்.

"எப்டி கீது மாமா?"

எந்த வண்டியைப் பார்த்தாலும் என் கண் முதலில் இழுவைக் கொக்கியைத் தேடும். நின்றுபோன வண்டிகளை இழுத்துவரும் பிரிவில் நான் பத்து வருடம் இருந்தேன். எல்லா வண்டியும் ஒரு நாள் நிற்கும். அப்போது எங்கே கயிறு மாட்டுவது என்று வரைந்தவன் யோசித்திருக்கிறானா என்பதைப் பார்த்தால், மற்றதை யோசித்திருக்கிறானா என்பது தெரிந்துவிடும். இதில் கொக்கி இல்லை.

"எவ்ளோ உசரம் இது?"

"மூணு மாடி மாமா."

"எதிரிக்கு அவ்ளோ உதவி எதுக்கு?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மூன்று மாடி உயரத்தில் நீல விளக்குகள் வேறு எரிந்துகொண்டிருந்தன. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. குண்டுகளை வெளியே, இடுப்பில் கட்டிய சலங்கை மாதிரி, வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான். கால்கள் ஒவ்வொன்றும் கீழே வர வரக் கூர்மையாகி, பாதத்தில் என் உள்ளங்கை அகலத்துக்கு முடிந்தன.

"இது எங்க நடக்கும்?"

"மணல், பாறை, சேறு, எல்லாத்துலயும்."

"மாப்ள, ஐப்பசில நஞ்சையில மாடு எறங்கினா முட்டி வரைக்கும் போவுது. மாடு எவ்ளோ எடை, இது எவ்ளோ எடை? டாங்கிக்கு செயின் எதுக்கு வெச்சான்? பாரத்த பரப்பி வெக்கத்தான். அந்த செயின எடுத்துட்டு நீ ஊசி குத்தி வெச்சிருக்க. மொதல் அடியிலயே பூமிக்குள்ள போயிடும். அப்புறம் இழுக்க கொக்கியும் இல்ல."

"அது வேற கிரகம் மாமா. அங்க எடை கம்மி."

"எடை கம்மின்னா பீரங்கி சுட்டா பின்னால போய் விழும்."

இதை நான் ஏதோ அன்றைக்கு யோசித்துச் சொல்லவில்லை. ஓய்வு பெற்று வந்த அடுத்த வருடமே, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் ஒரு விண்ணப்பத்துக்காகக் காத்திருந்தபோது, பக்கத்துத் திரையில் தரையைத் தொடாமல் மிதக்கும் டாங்கி ஒன்று ஓடியது. அது சுட்டது, அசையவில்லை. நாற்பது டன் வண்டி பூமியைக் கவ்விக்கொண்டு நிற்கும்போதே சுட்டால் உள்ளே இருப்பவனின் பல் ஆடும். காற்றில் மிதப்பது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அன்றைக்கு டைரியில் முக்கால் பக்கம் எழுதினேன். அதன் பிறகு எங்கே அப்படி ஒரு வண்டியைப் பார்த்தாலும் எழுதினேன். முள் முளைத்த வண்டி. சக்கரத்துக்குள் ஆள் உட்காரும் வண்டி. கதவைத் திறந்தால் பீரங்கியின் வாய்க்கு எதிரே இறங்க வேண்டிய வண்டி. என் மனைவி ஒரு நாள் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, "பொம்மை மேல இவ்ளோ கோவமா?" என்று கேட்டாள். பொம்மை மேல் இல்லை. அதை வரைந்தவன் ஒரு நாள்கூட வண்டிக்கு அடியில் படுத்து, கை நுழையாத இடத்தில் இருக்கும், கிரீஸ் ஏற்றும் நிப்பிளைத் தேடி, விரல் முட்டியில் தோலை உரித்துக்கொண்டிருக்க மாட்டான் என்பதன் மேல்.

மைத்துனன் வண்டியைத் திருப்பினான். அப்போதுதான் அதைக் கண்டுபிடித்தேன். இடப்பக்கம் ஒரு எண் எழுதியிருந்தான். வலப்பக்கம் அதே எண் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறி இருந்தது.

"பாதிதான் வரைஞ்சியா?"

"ஆமா. மீதிய திருப்பி போட்டேன்." நான் இதைக் கேட்டதே அவனுக்கு ஆச்சரியம். "வேற எப்டி வரையறது?"

சேலையில் அப்படித்தான். இரண்டு அன்னம் எதிரெதிரே நிற்க வேண்டுமானால் ஓர் அன்னத்தை வரைந்து திருப்பிப் போடுவார்கள். அட்டையும் பாதி, நேரமும் பாதி. இருபது வருடமாக அவன் எதையும் முழுதாக வரைந்ததில்லை. இந்த வண்டியையும் இடப்பாதி வரைந்து, நடுவில் கோடு போட்டுத் திருப்பியிருந்தான். அதனால் புகைபோக்கி இரண்டு, எண்ணெய் ஊற்றும் வாய் இரண்டு. டிரைவர் உட்கார வேண்டிய இடம் நடுக்கோட்டில் மடிந்து காணாமல் போயிருந்தது. நான் வண்டியைச் சுற்றச் சொன்னேன். மேலே, கீழே, பின்னால். இரண்டு தடவை சுற்றினான்.

"கதவு எங்க?"

"எந்த கதவு?"

"ஆள் ஏறுற கதவு, மாப்ள. உள்ள யாரு ஓட்றா? எப்டி உள்ள போனான்?"

அவன் திரையை உற்றுப் பார்த்தான். அன்னத்துக்கு வாசல் வரைந்து அவனுக்குப் பழக்கமில்லை. முகம் ஒரு கணம் மாறியது. உடனே சமாளித்துக்கொண்டான்.

"மாமா, இது விளையாட்டு. உங்க பட்டாளத்துக்கு நான் டெண்டர் போடல. பாக்கறவனுக்கு கெத்தா இருக்கணும், அவ்ளோதான். ஸ்பேனர் புடிச்ச கைக்கு ஒலகமே நட்டாதான் தெரியும்."

நான் எழுந்து வந்துவிட்டேன். அவன் மனைவி டீ எடுத்துக்கொண்டு எதிரே வந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதுவும் டைரியில் இருக்கிறது.

எட்டாம் நாள் அந்த வண்டியைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. என் மனைவி வந்து சொன்னாள். "ரொம்ப நல்லா கீதுன்னு சொன்னாங்களாம். ரெண்டு பக்கமும் அப்படியே அச்சு அடிச்ச மாதிரி கீதுன்னு." அவள் அதை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். எதிர்வீடாக இருந்தும் அவனும் நானும் மூன்று வாரம் பேசவில்லை. அப்போது நான் செய்யாறில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்களைப் பராமரிக்கும் ஷெட்டில் வேலையில் இருந்தேன். காலை ஐந்தரைக்குக் கிளம்புவேன். அவன் வாசலில் நின்றால் செருப்பு மாட்டுவதுபோல் குனிந்துகொள்வேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாவது வார வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு அவன் எங்கள் வீட்டுக்குள் வந்து, நான் சொல்லாமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பேஜாராயிடுச்சு மாமா."

கம்பெனியில் படத்தை ஏற்றுக்கொண்டவர்கள் வேறு, அதற்கு அசைவு கொடுப்பவர்கள் வேறு. அசைவு கொடுக்கிறவர்கள் வண்டியை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். கேமில் ஒரு வீரன் ஓடிவந்து வண்டிக்குள் ஏறி ஓட்ட வேண்டும். எங்கே ஏறுவது என்று தெரியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் ஏற வழி செய்து கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பன்னிரண்டையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நான் அலமாரியிலிருந்து டைரியை எடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி, கண்ணாடி போட்டு, சத்தமாகப் படித்தேன். "காலை பத்து இருபத்தைந்து. கதவு இல்லை என்று சுட்டிக்காட்டினேன். பதில்: ஸ்பேனர் பிடித்த கைக்கு உலகமே..."

என் மனைவி டைரியை என் கையிலிருந்து வாங்கி மூடினாள்.

"நீங்க சொன்னது பலிச்சிச்சேன்னு எவ்ளோ சந்தோசம் பாரு மூஞ்சில. அவன் பொழப்பு போவுது, நீங்க வாசிச்சிகினு கீறீங்க."

மைத்துனன் தலை நிமிராமல் சொன்னான். "படிக்கட்டும்க்கா. சொன்னாருதான."

அவன் எதிர்த்துப் பேசியிருந்தால் நான் இன்னும் இரண்டு பக்கம் படித்திருப்பேன். அப்படிச் சொன்னதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. வண்டியைச் சரிசெய்யத் தெரிந்தவன், நின்றுபோன வண்டிக்கு எதிரே நின்று, நான் அப்போதே சொன்னேன் என்று பேசிக்கொண்டிருப்பதில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த இடத்தில் அப்படிப் பேசினால் முதுகில் அறை விழும்.

அன்றைக்கே ஆரம்பித்தோம். நான்கு நாள், ஷெட்டிலிருந்து திரும்பியதும், எட்டு மணி வரை. முதலில் ஆளை அளந்தோம். என் தோள் அகலம் பதினெட்டரை அங்குலம். ராணுவத்திலிருந்து கொண்டுவந்த கம்பளிக் கோட்டைப் போட்டு, இடுப்பில் இரண்டு தண்ணீர் பாட்டில் கட்டி, முதுகில் பையை மாட்டியதும் இருபத்திநான்கு ஆனது. மாசிப் புழுக்கத்தில் கம்பளிக் கோட்டோடு நின்ற என்னை, என் மனைவி ஜாக்கெட் தைக்கும் டேப்பால் அளந்து எழுதினாள். இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் பலகைகளை வைத்து ஒரு துவாரம் அமைத்தோம். அதற்குள் தலையை விட்டு, ஒரு தோளை முதலில் நுழைத்து, இடுப்பைத் திருப்பி, காலை இழுத்துக்கொள்ள வேண்டும். மைத்துனன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினான்.

பக்கத்து வீட்டு நெசவாளி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "இன்னா சார், பெருச்சாளி மாதிரி பூந்து பூந்து வரீங்க? எதனா காணாம போச்சா?"

"டாங்கிக்கு கதவு போட்றோம்ணா" என்றான் மைத்துனன்.

"போடு போடு. எங்க வீட்டு தாப்பா ஒடஞ்சி ஆறு மாசமாச்சு, அத்தயும் அப்படியே போட சொல்லு."

என் மனைவி சிரித்து டேப்பைக் கீழே போட்டாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அது டைரியில் இல்லை.

உள்ளே போக பதினொரு வினாடி. வெளியே வர, அவசரத்தில், ஏழு. அதற்கேற்ப, தாழத் தொங்கும் வண்டி வயிற்றின் இடப்பக்கத்தில், எதிரியின் பார்வைக்கு மறுபுறமாக இருக்கும்படி, கதவு வைத்தோம். முதல் காலில் ஐந்து படி, மூன்று கைப்பிடி. கைப்பிடிகளைக் கையுறை போட்ட விரல் நுழையும் அளவுக்குத் தள்ளி வைக்கச் சொன்னேன். இதையெல்லாம் அவன் ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டான். பிடிபடாதது ஒன்றுதான். இடப்பக்கம் கதவை வரைந்து முடித்ததும் அவன் விரல் தானாகப் போய்க் கீபோர்டில் திருப்பும் பொத்தானை அழுத்திவிடும். வலப்பக்கமும் கதவு வந்து நிற்கும். நான் கத்துவேன். அவன் அழிப்பான். அரைமணியில் மறுபடி திருப்புவான்.

"ஒரு பக்கம் மட்டும் வேற மாதிரி இருந்தா கண்ண குத்துது மாமா. இந்த மாதிரி பீஸ் போனா கடைக்காரன் மூஞ்சில அடிச்சிடுவான்."

"மனுசனுக்கு ஈரல் ஒரு பக்கம்தான்டா கீது. எவன் வந்து அடிச்சான்?"

அதன் பிறகு அவன் அந்தப் பொத்தானின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிக்கொண்டான். திங்கள் மாலை ஏழு நாற்பதுக்கு வேலை முடிந்தது. கால்களை மாற்ற நேரமில்லை. கண்ணாடியையும் விளக்கையும் கம்பெனியில் மாற்ற விடமாட்டார்கள். அது அப்போதும் மட்டமான வண்டிதான். ஆனால் ஒரு மனிதன் அதற்குள் போய், வெளியே வர முடியும்.

செவ்வாய்க்கிழமை ஷெட்டில் விடுப்புச் சொல்லிவிட்டு அவனோடு நானும் போனேன். செய்யாறு, காஞ்சிபுரம் வழியாகச் சென்னை. கம்பெனி மூன்றாவது மாடியில் இருந்தது. உள்ளே குளிர். வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வேலையைப் பார்த்து முடிவு சொல்லும் பொறுப்பில் ஒரு பெண் இருந்தார், முப்பது வயதிருக்கும். மரியாதையாகப் பேசினார். அதையும் சொல்லிவிட வேண்டும். என் கோபத்துக்கு வசதியாக அவர் கெட்டவராக இல்லை.

வண்டியைச் சுற்றிப் பார்த்தார். படிகளை, கைப்பிடியை, கதவின் கீலை நெருக்கத்தில் பார்த்தார்.

"இந்த அளவெல்லாம் யார் சார் சொன்னது?"

"மாமாதான் மேடம். மிலிட்டரில டாங்கி மெக்கானிக்."

"கதவுக்கு ஏன் சார் இவ்வளவு மெனக்கெட்டீங்க?"

அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால் சொன்னேன். அதுவரை என் மனைவியிடம்கூடச் சொல்லாதது.

பாலைவனத்தில் ஒரு பயிற்சி. நாங்கள் ஓட்டியது எங்கேயோ வெளிநாட்டில் வரைந்த டாங்கி. மோசமான வண்டி இல்லை. டிரைவருக்கு வண்டியின் முன்பக்கத்தில், அவன் குனிந்து உட்காரும் இடத்துக்கு மேலே, தனி மூடி ஒன்று. மேலே இருக்கும் பீரங்கிக் குழாய் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்றுவிட்டால் அந்த மூடி திறக்காது, குழாய் இடிக்கும். எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோணத்தில் நிறுத்தக் கூடாது என்று பாடமே உண்டு. ஒரு மத்தியானம் எஞ்சின் பக்கம் தீப்பிடித்தது, கரண்ட் போனது, குழாய் அந்தக் கோணத்திலேயே நின்றது. மேலே இருந்த இரண்டு பேர் குதித்துவிட்டார்கள். டிரைவரின் மூடி நான்கு விரல் அளவு திறந்து குழாயில் முட்டி நின்றது. அந்த நான்கு விரல் இடைவெளியில் அவன் கை வெளியே வந்தது. குதித்தவர்களில் ஒருவன் மறுபடி உள்ளே இறங்கிக் கைச்சக்கரத்தைச் சுற்றிக் குழாயை நகர்த்தினான். நான் கடப்பாரையோடு மேலே நின்றேன். கடப்பாரையால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கீழேயிருந்து டிரைவர் இரும்பைத் தட்டிக்கொண்டே இருந்தான். குழாய் நகர எவ்வளவு நேரம் ஆனது என்று லாக் புக்கில் எழுதினார்கள். எழுதியது நானில்லை. அவன் பிழைத்துக்கொண்டான், இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயிருந்தன. அதன் பிறகு பஸ்ஸில்கூட அவன் படிக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்காருவான்.

"வரைஞ்சவன் நல்லவன்தாம்மா. எல்லாத்தயும் யோசிச்சிருக்கான். ஒரு கோணத்த மட்டும் யோசிக்கல" என்றேன்.

அந்தப் பெண் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து என் எதிரே வைத்தார். பிறகு சொன்னார்.

"சார், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இங்க ஒரு பிரச்சினை இருக்கு. அஞ்சு படி ஏறணும், கதவு திறக்கணும், உள்ள போகணும், மூடணும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா அசைவு பண்ணணும். பன்னிரண்டு வண்டிக்கும் பண்ணணும். அதுக்கு எங்ககிட்ட ஆளும் இல்ல, நாளும் இல்ல. தவிர, உள்ள போக பதினோரு செகண்ட்னு சொல்றீங்க. விளையாடறவங்க அவ்வளவு நேரம் சும்மா நிக்க மாட்டாங்க. அதுக்குள்ள சுட்டுடுவாங்க, செத்துடுவாங்க."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது அவருக்கு எட்டியது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. எட்டியும், மௌஸை எடுத்தார்.

"வாரக் கடைசியில எங்க பசங்க வேற ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பாருங்க."

திரையில் வீரன் ஒருவன் ஓடிவந்து வண்டியின் ஒரு காலுக்குப் பக்கத்தில் நின்றான். அவர் ஒரு பட்டனைத் தட்டினார். வீரனைக் காணோம். வண்டி நடக்க ஆரம்பித்தது. இன்னொரு தட்டு. வண்டி நின்றது, வீரன் வெளியே நின்றான்.

"எங்க பூந்தான்?" என்றேன்.

"நுழையல சார். உள்ள இருக்கான்னு வெச்சுக்கறோம்."

இதுதான் அவர்கள் கண்டுபிடித்த வழி. கதவைச் சிறிதாக்கவில்லை, இடம் மாற்றவில்லை. உள்ளே போவது என்ற ஒன்றையே எடுத்துவிட்டார்கள். பதினேழு வருடம் நான் செய்த வேலை முழுக்க, உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் நடுவில் நடப்பது. அது அவர்களுக்கு ஒரு தட்டுக்கூட இல்லை, இரண்டு தட்டுக்கு நடுவில் இருக்கும் ஒன்றுமில்லாதது. எழுந்து நின்று, இந்த வண்டியில் செத்தவனையும் இப்படித்தான் வெளியே எடுப்பீர்களா என்று கேட்க வாயெடுத்தேன்.

மைத்துனன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெஞ்சவில்லை, சைகை செய்யவில்லை. பார்த்தான், அவ்வளவுதான். நான்கு கடைக்காரர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள்.

"நல்லதும்மா" என்றேன். தண்ணீரைக் குடித்தேன்.

"மாடல் ரொம்ப சுத்தமா இருக்கு. மீதி பதினொண்ணும் நீங்களே பண்ணிடுங்க" என்று அவர் மைத்துனனிடம் சொன்னார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "அந்தக் கதவையும் படியையும் மட்டும் எடுத்துடுங்க. தேவையில்லாம சுமை. கேம் ஸ்லோ ஆகும். பழையபடி பாதி வரைஞ்சு திருப்பிட்டா போதும்" என்றார்.

ஆரணிக்குத் திரும்பும் பஸ் ஏறினோம். அவன் சந்தோஷப்பட வேண்டிய நாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அதை வெளியே காட்ட முடியாமல் மடியில் பையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது, அவன் மேல் இல்லை. காஞ்சிபுரத்தில் சுண்டல் வாங்கிவந்து என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தான்.

"அந்தாளு இப்ப எங்க கீறாரு மாமா? கை வெந்துபோனவரு."

"தெரியல. ரெண்டு வருசம் லெட்டர் போட்டுகினு இருந்தான். அப்புறம் இல்ல."

"அக்காவுக்கு தெரியுமா?"

"தெரியாது."

பஸ் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியது. அவன் சுண்டலைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"ஒண்ணு பண்றேன் மாமா. எல்லா வண்டிலயும் கதவு வெச்சிட்றேன். நெஜக் கதவு இல்ல, பெயிண்டுல. கோடு இழுத்து, கைப்பிடி வரைஞ்சி, பாக்க கதவு மாதிரியே இருக்கும். அதுக்கு சுமை ஒண்ணும் இல்ல, அந்தம்மாவும் ஒண்ணும் சொல்லாது. தொறக்காது, ஆனா இருக்கும்."

எனக்காகத்தான் சொன்னான். நான்கு நாள் கம்பளிக் கோட்டோடு புகுந்து புகுந்து வந்த மாமாவுக்கு ஏதாவது மிஞ்சட்டும் என்று. அது புரிந்தும் என் குரல் உயர்ந்துவிட்டது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"வேணாம்."

"ஏன் மாமா, அழகா..."

"தொறக்காத கதவ வரையாத. கதவே இல்லன்னா, இல்லன்னு தெரியும். இருக்கறா மாதிரி வரைஞ்சி வெச்சா, எவனாவது ஒருத்தன் அத்த நம்பி கை வெப்பான்."

"மாமா, அது கேமு. யாரு கை வெக்க போறா?"

"யாரும் வெக்க வேணாம். நீ வரையாத. ஒழுங்கா பாதிய வரைஞ்சி திருப்பி போடு. அவங்க கேட்டது அதான். ஜல்தியா முடி."

அவன் "சரி மாமா" என்றான். சுண்டலைத் தின்ன ஆரம்பித்தான்.

மறுநாள் காலையிலேயே அவன் பொத்தானில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்துவிட்டு இரண்டாவது வண்டியைத் தொடங்கினான். ஐந்து மாதத்தில் பதினொன்றையும் முடித்தான். ஒன்றில் எட்டுக் கால், ஒன்று பாம்புபோல் நெளிந்தது, ஒன்றுக்கு இறக்கை. எதிலும் கதவு இல்லை. எதிலும் இழுவைக் கொக்கி இல்லை. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எல்லாம் முதல் தடவையிலேயே தேறின. அடுத்த கேமுக்கும் அவனையே கூப்பிட்டார்கள்.

கடைசி வண்டி தேறிய அன்று அவன் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். நான் ஷெட்டிலிருந்து திரும்பிக் கை கழுவிக்கொண்டிருந்தேன். விரலிடுக்கில் கிரீஸ் போகவில்லை. என் மனைவி ஒரு மைசூர்பாகை எடுத்து நேராக என் வாயில் வைத்தாள்.

"மூஞ்சிய இன்னாத்துக்கு இப்டி வெச்சிகினு கீறீங்க? அவன் ஜெயிச்சிட்டான் இல்ல?"

"ஜெயிச்சிட்டான்."

"அப்புறம் இன்னா?"

வாய் நிறைய மைசூர்பாகு. மென்று முடிக்கும் வரை அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். மைத்துனனும் காத்திருந்தான். விழுங்கியதும், எண்ணெய் மாற்ற வேண்டிய பஸ் ஒன்று ஷெட்டில் நிற்கிறது, நாளைக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று சொன்னேன்.